ஐந்து குழல்களில் ஒரு கொம்பு

(இயற்பியல் துறையிலிருந்து ஓர் அனுபவக் கட்டுரை)

நம் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், இசைக்கவைகள் வைத்திருக்கும் அலமாரியின் உச்சியில் ஒரு கறுப்புப் பெட்டி இருப்பதை மாணவ நண்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். "அதற்குள் என்ன சார்?" என்று கேட்டவர்களும் உண்டு. "ஒரு கொம்பு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வது என் வழக்கம். இவ்வாண்டு மலர்க்குழுவினர் அந்தக் கொம்பைப் பற்றியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், தட்டிக்கழிக்க வழியின்றி இதனை எழுதுகிறேன். இதில் கொஞ்சம் இயற்பியலும், கொஞ்சம் வரலாறும், நான் பட்ட ஓர் அவமானமும் உண்டு.

2011 முதல் 2015 வரை நான்கு ஆண்டுகள் ஆராய்ச்சிக்காக ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வாழ்ந்தேன். சிறு வயதில் எங்கள் ஊர்த் தேவாலய பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதிப் பழகியவன் நான். அந்தத் துணிவில், அங்கிருந்த ஓர் அமெச்சூர் பித்தளை இசைக்குழுவினரிடம் போய், "எனக்கும் ஓர் இடம் தருவீர்களா?" என்று கேட்டேன். "டிரம்பெட்டுக்கு இருவர் இருக்கிறார்கள். கொம்பு ஊதத்தான் ஆள் இல்லை" என்றார்கள். மறுவாரமே ஒரு பழைய கொம்பை என் மடியில் வைத்துவிட்டார்கள். அன்று தொடங்கிற்று என் பாடு.

கொம்பு என்பது யாது?

நம் கோயில் திருவிழாக்களில் ஊதப்படும் கொம்பையும் எக்காளத்தையும் அறியாதார் இல்லை. அவற்றில் துளை இல்லை. உதட்டின் அதிர்வு ஒன்றினாலேயே சுரங்கள் பிறக்கின்றன. ஐரோப்பியக் கொம்பும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. வேட்டையின்போது குதிரைமேல் இருப்பவர் தோளில் மாட்டிக்கொள்ளும் வண்ணம் நீண்ட குழாயை வட்டமாகச் சுருட்டினார்கள். அதனால்தான் ஜெர்மானியர் இன்றும் அதைக் 'காட்டுக் கொம்பு' என்னும் பொருள்பட வால்ட்ஹார்ன் என்று அழைக்கின்றனர். ஆங்கிலேயர் 'பிரெஞ்சு ஹார்ன்' என்று பெயரிட்டனர். ஆனால் இன்று இசைக்குழுக்களில் பெரிதும் புழங்கும் கருவி ஜெர்மன் வடிவத்தைச் சேர்ந்தது! பெயர்க் குழப்பம் வேண்டா என்று 1971-இல் பன்னாட்டு ஹார்ன் சங்கம் வெறும் 'ஹார்ன்' என்ற பெயரையே பரிந்துரைத்தது. நாம் கொம்பு என்றே சொல்வோம்.

சுருட்டிய குழாயை நீட்டிப் பார்த்தால், எஃப் சுருதிக் கொம்பின் நீளம் ஏறத்தாழ 3.7 மீட்டர், அதாவது 12 அடி. டிரம்பெட்டின் குழாயோ ஏறத்தாழ 1.4 மீட்டர்தான். கொம்பின் ஊதுவாய் ஒரு சிறு புனல் போன்றது. மறுமுனை நாகசுரத்தின் அணசைப் போல விரிந்து, ஊதுபவரின் பின்பக்கம் நோக்கித் திரும்பியிருக்கும். வலக்கை அந்த விரிந்த வாய்க்குள் இருக்கும். இடக்கை விரல்கள் வால்வுகளை இயக்கும். வலக்கைப் பழக்கமுள்ள உலகில் நுணுக்கமான விரல் வேலையை இடக்கையிடம் ஒப்படைத்த கருவி இது. ஏன் அப்படி என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சீரிசைக் கணக்கு

இளம் அறிவியல் முதலாண்டில் நாம் படிக்கும் சீரிசைத் தொடர்தான் கொம்பின் உயிர். எஃப் கொம்பின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 43.7 ஹெர்ட்ஸ். இதன் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களே அக்குழாயில் இயல்பாக எழும். அடிப்படையை ஷட்ஜமாகக் கொண்டால் இரண்டாம் சீரிசை மேல் ஷட்ஜம். மூன்றாவது பஞ்சமம். நான்கு மீண்டும் ஷட்ஜம். ஐந்து அந்தர காந்தாரம். ஆறு பஞ்சமம். ஏழாவது, வழக்கமான நிஷாதத்தைவிடச் சற்றே தாழ்ந்த ஒரு நிஷாதம். எட்டு ஷட்ஜம். அதற்கு மேல் ஒன்பது ரிஷபம், பத்து காந்தாரம். பதினொன்று சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையில் எங்கோ நிற்கும். பன்னிரண்டு பஞ்சமம், பதினாறு மீண்டும் ஷட்ஜம்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கீழே இரண்டு சுரங்களுக்கு இடையே ஒரு பெரிய பள்ளத்தாக்கே இருக்கிறது. மேலே போகப் போகப் படிகள் நெருங்கிக்கொண்டே வருகின்றன. டிரம்பெட் பெரும்பாலும் இரண்டாம் படியிலிருந்து எட்டாம் படிவரை நடமாடுகிறது. கொம்போ நீண்ட குழாயை உடையதாகையால், அதே சுரங்களை எட்டு முதல் பதினாறு வரையிலான நெருக்கமான படிகளில் நின்று ஊத வேண்டியிருக்கிறது. அகலப் படிக்கட்டில் ஏறுபவனுக்கும், ஏணியின் நெருக்கமான கம்புகளில் இருட்டில் ஏறுபவனுக்கும் உள்ள வேறுபாடு இது. கால் அரை அங்குலம் தவறினாலும் பக்கத்துக் கம்பில் விழும். அப்படி விழும்போது எழும் பிளிறல் அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்கும். கொம்பு ஊதுபவர்களுக்கு இரவில் உறக்கத்தைக் கெடுப்பது அந்தப் பிளிறல்தான்.

கையும் வால்வும்

வால்வு இல்லாத பழைய கொம்பில் சீரிசைகள் மட்டுமே கிடைத்தன. வேறு சுருதிக்கு மாற வேண்டுமாயின், ஒரு வளையக் குழாயைக் கழற்றி வேறு நீளமுள்ள வளையத்தை மாட்ட வேண்டும். 1750-ஐ ஒட்டி டிரெஸ்டன் நகரில் அன்டன் யோசெஃப் ஹாம்பெல் என்ற கலைஞர், விரிந்த வாய்க்குள் வலக்கையை நுழைத்துச் சிறிது மூடியும் திறந்தும் இடைப்பட்ட சுரங்களை எழுப்பும் முறையை ஒழுங்குபடுத்தினார். மோட்சார்ட்டின் காலத்துக் கொம்பிசை முழுவதும் இந்தக் கைத்திறனை நம்பி எழுதப்பட்டதே.

1814-இல் ஹைன்ரிக் ஸ்டோல்ட்ஸெல் வால்வைக் கொம்பில் பொருத்திக் காட்டினார். 1818-இல் அவரும் ஃபிரீட்ரிக் புளூமெலும் இணைந்து அதற்குக் காப்புரிமை பெற்றனர். ஒரு வால்வை அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு துண்டுக் குழாயைச் சுற்றி வரும். குழாய் நீளும், சுரம் தாழும். இரண்டாம் வால்வு அரைச்சுரமும், முதலாவது ஒரு சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். வலக்கை ஏற்கெனவே வாய்க்குள் குடியேறிவிட்டபடியால், புதிதாக வந்த வால்வுகள் இடக்கைக்குப் போயின. முதலில் வந்தவருக்கே முதலிடம் என்ற நியதி இசைக்கருவியிலும் உண்டு போலும்!

1897-இல் எர்ஃபுர்ட் நகரத்துக் குருஸ்பே பட்டறையில் இரட்டைக் கொம்பு பிறந்தது. ஒரே கருவிக்குள் 3.7 மீட்டர் எஃப் குழாயும், ஏறத்தாழ 2.75 மீட்டர் பி-ஃபிளாட் குழாயும் அடங்கியிருக்கும். இடக்கைக் கட்டைவிரலால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். உயரச் சுரங்களுக்குக் குட்டைக் குழாய். அங்கே படிகளுக்கு இடையே சற்று மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஆயினும் புதுமையை எல்லாரும் உடனே வரவேற்கவில்லை. வால்வு வந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகும், 1865-இல் பிராம்ஸ் தம் கொம்பு மூவர் இசையை வால்வில்லாத காட்டுக் கொம்புக்கென்றே எழுதினார். அவருடைய தந்தையார் கொம்பும் டபுள் பேஸும் வாசித்தவர். தாயார் அவ்வாண்டுதான் காலமாகியிருந்தார். அந்த இசையின் மெதுவான பகுதியைக் கேட்பவர்களுக்கு, அவர் ஏன் பழைய கொம்பை நாடினார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஐவர் குழு

பித்தளை ஐவர் குழு என்பது இரண்டு டிரம்பெட், ஒரு கொம்பு, ஒரு டிராம்போன், ஒரு டியூபா ஆகியவற்றைக் கொண்டது. இதன் வேர் லைப்சிக்கிலேயே இருக்கிறது என்று சொல்லலாம். அந்நகரத்து ஊழியத்தில் இருந்த யோஹான் பேட்செல், 1670-இல் 'பத்தாம் மணி' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். காலை பத்து மணிக்கு நகரமன்றக் கோபுரத்திலிருந்து ஊதப்படும் இசைக்கு அது பெயர். 1685-இல் இரண்டு கோர்னெட்டுக்கும் மூன்று டிராம்போனுக்குமாக ஐந்து குரல் இசைத்தொகுப்பு ஒன்றையும் அவர் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த காட்ஃபிரீட் ரைஹே பாக்கின் டிரம்பெட் கலைஞர்.

இக்காலத்து ஐவர் குழுவுக்கென்றே எழுதியவர்களுள் ரஷ்யரான விக்டர் ஏவால்ட் (1860–1935) குறிப்பிடத்தக்கவர். தொழிலால் அவர் கட்டடப் பொறியியல் பேராசிரியர்! 1961-இல் ஆங்கிலேயரான மால்கம் ஆர்னால்டு எழுதிய ஐவர் இசையும் புகழ்பெற்றது. அவர் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் டிரம்பெட் ஊதியவர்.

எங்கள் ஐவரில் முதல் டிரம்பெட் ஒரு பல் மருத்துவர். இரண்டாம் டிரம்பெட் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. டிராம்போன் வேதியியல் மாணவன். டியூபா ஊதியவர் டிராம் வண்டிப் பணிமனைப் பொறியாளர். செவ்வாய்க்கிழமை மாலைதோறும் ஒரு தேவாலயக் கூடத்தில் கூடுவோம். நான் தமிழன் என்று அறிந்ததும் பொறியாளர், "தரங்கம்பாடி!" என்றார். லைப்சிக் மிஷன் நம் நாட்டோடு 1840 முதல் தொடர்புடையது. அம்மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் 1856-இல் அந்நகரிலேயே திருக்குறளை ஜெர்மன் மொழியில் வெளியிட்டவர். அந்த ஒரு சொல்லால் அந்நியன் என்ற எண்ணம் எனக்குப் பாதி குறைந்தது.

ஐவரில் கொம்புக்கு ஒரு விசித்திரமான நிலை. மற்ற நான்கும் முன்னோக்கியோ மேல்நோக்கியோ ஒலிக்கின்றன. கொம்பு ஒன்றுதான் பின்னோக்கி ஒலிக்கிறது. பின்னே சுவர் இருந்தால் ஒலி திரும்பி வரும். இல்லையேல் போனது போனதுதான். அன்றியும், கொம்பு பித்தளைக் குடும்பத்தில் ஒரு காலும் மரக்குழல் குடும்பத்தில் ஒரு காலுமாக நிற்பது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகியவற்றோடு சேர்ந்து மரக்குழல் ஐவர் குழுவிலும் அதற்கு இடம் உண்டு. இரண்டு வீட்டிலும் அது விருந்தாளி.

அதன் கடமை பெரும்பாலும் நடுக்குரல். மேலே பாடலின் மெட்டு டிரம்பெட்டில் ஓடும். கீழே டியூபா அடித்தளம் இடும். நடுவில் கொம்பு ஒரே சுரத்தில் நீண்டுகொண்டிருக்கும். அது எளிதன்றோ என்று தோன்றும். எளிதன்று. மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது காந்தாரம் பலமுறை கொம்பின் பங்காக வருகிறது. அந்தக் காந்தாரம் ஷட்ஜத்துக்கு 5:4 என்ற விகிதத்தில் நின்றால்தான் இனிமை. பியானோவின் சமப் பங்கீட்டுக் காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல். (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்.) ஆகவே கொம்பு ஊதுபவர் காதால் கேட்டுக்கொண்டே அந்தச் சிறு அளவைத் தாழ்த்த வேண்டும். சரியாக அமைந்துவிட்டால், ஆய்வுக்கூடத்தில் இரண்டு இசைக்கவைகளைச் சுருதி சேர்க்கும்போது விம்மல்கள் அடங்குவது போல, ஐந்து கருவியும் ஒன்றாகி நிற்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் மூன்று மணி நேர ஒத்திகை.

இன்னொரு சிறு செய்தி. கொம்பு ஊதுபவர் அடிக்கடி கருவியைக் கார் ஸ்டியரிங் போலச் சுழற்றித் தண்ணீரைக் கொட்டுவார். பார்ப்பவர்கள் எச்சில் என்று முகம் சுளிப்பர். அதில் பெரும்பங்கு, மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த பித்தளையில் பட்டு நீரானதே. ஊதுபவனுக்கு இழுக்கில்லை.

கோபுரத்தில் நேர்ந்தது

2013 டிசம்பரில், லைப்சிக்கை அடுத்த ஒரு சிற்றூரின் தேவாலயக் கோபுரத்திலிருந்து கிறிஸ்துமஸ் கால இசையை ஊத எங்களை அழைத்திருந்தார்கள். கீழே சதுக்கத்தில் கூட்டம். மேலே ஐந்து பேர் நிற்பதற்கே இடம் போதாத மாடம். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே.

குளிரில் என்ன நேரும் என்பதை இயற்பியல் படித்தவன் அறிந்திருக்க வேண்டும். 20 பாகை செல்சியசில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். சுழியத்தில் 331 மீட்டர். கருவிக்குள் இருக்கும் காற்று அவ்வளவும் குளிர்ந்துவிட்டால் சுருதி அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல் இறங்கிவிடும். ஊதுபவரின் மூச்சு வெதுவெதுப்பானதால் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் நீண்ட ஓய்வுக்குப் பின் ஊதத் தொடங்கும்போது நிலைமை மோசம். மற்ற நால்வரும் ஊதுவாயைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் கதகதப்பாக வைத்திருந்தார்கள். நான் அதைக் கவனியாமல், கொம்பைக் கையிலேந்தி ஊர் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் பாட்டு கொம்பு தனியாகத் தொடங்க வேண்டியது. பனிக்கட்டி போன்ற உலோகம் உதட்டில் பட்டது. முதல் சுரம் பிளிறிற்று. திருத்தப் போய் இரண்டாவதும் பிளிறிற்று. மூன்றாவது வரவே இல்லை. வெறும் காற்றுதான் போயிற்று. கீழே அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. ஒரு குழந்தை சிரித்தது நன்றாகக் கேட்டது. பல் மருத்துவர் என் வரியைத் தம் டிரம்பெட்டில் பிடித்துக்கொண்டு பாட்டைக் காப்பாற்றினார். எவரும் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

அதன்பின் நான் எச்சரிக்கைக்காரன் ஆனேன். மெல்ல ஊதினேன். பிறர் தொடங்கிய பிறகு பின்னால் நுழைந்தேன். தவறு நேரக்கூடிய இடங்களில் உதட்டை வைத்துக்கொண்டு ஊதுவது போல் பாவனை செய்தேன். இரண்டு மாதம் ஒரு பிளிறல்கூட இல்லை. நான் தேறிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் ஆசிரியை என்னை நிறுத்தினார். "உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நீங்கள் தவறாக ஊதினால் எங்களுக்குத் தெரியும், அதற்கேற்ப நடந்துகொள்வோம். நீங்கள் ஊதாமலே இருந்தால் நாங்கள் எதோடு சேர்வது? இரண்டு மாதமாக நடுவில் ஒன்றும் இல்லை. நாங்கள் நான்கு பேராகத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். அன்றிரவு கொம்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, பெட்டியைத் துடைத்துக்கூட வைத்துவிட்டேன்.

ஏழு அதிர்வுகள்

கொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போன இடம், அதன் சொந்தக்காரரான ஒரு முதியவர் வீடு. நாற்பது ஆண்டுக் காலம் ஓர் இசைக்குழுவில் கொம்பு ஊதியவர். முன்பற்கள் போனபின் ஊத முடியாமல் நிறுத்திவிட்டவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு, "இசைக்குழுவில் முதல் கொம்புக்குத் துணையாகச் சில வேளை இன்னொருவரை உட்கார வைப்பார்கள். ஐவர் குழுவில் உமக்குப் பின்னால் எவரும் இல்லை. அதுதானே பயம்?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

"அந்தச் சுரத்தைப் பாடும்" என்றார். பாடினேன். "இப்போது பாடாமல், மனத்திற்குள் கேளும். கேட்டாயிற்றா? ஊதும்." ஊதினேன். வந்தது. "இப்போது கேட்காமல் ஊதும்" என்றார். பிளிறிற்று. "அவ்வளவுதான் வித்தை. நீர் தவறு செய்யாமல் இருப்பதையே கேட்டுக்கொண்டிருக்கிறீர். சுரத்தைக் கேட்பதில்லை" என்றார்.

வீடு திரும்பும் டிராமில் அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். உதடு அதிரத் தொடங்கியதும் ஓர் அலை குழாயினுள் 3.7 மீட்டர் ஓடி, விரிந்த வாயில் பட்டு எதிரொலித்து, மீண்டும் 3.7 மீட்டர் ஓடி உதட்டுக்குத் திரும்ப வேண்டும். மொத்தம் 7.4 மீட்டர். நொடிக்கு 343 மீட்டர் வேகத்தில் இதற்கு ஏறத்தாழ 0.022 நொடி ஆகும். 350 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை ஊதினால், அந்த நேரத்துக்குள் உதடு ஏழு முறைக்கு மேல் அதிர்ந்துவிடும். அதாவது, குழாயிலிருந்து முதல் செய்தி திரும்பி வருமுன்னே, உதடு யாருடைய உதவியுமின்றிச் சரியான அதிர்வெண்ணில் ஏழு முறை தானாக அதிர்ந்தாக வேண்டும். டிரம்பெட்டில் அதே சுரத்துக்கு மூன்று அதிர்வுக்குள் செய்தி வந்துவிடும். அதன்பின் ஒத்ததிர்வு தாங்கிக்கொள்ளும்.

இந்த ஏழு அதிர்வுகளுக்கு வழிகாட்டக் கருவியால் முடியாது, பக்கத்திலிருப்பவராலும் முடியாது. மனத்தில் முன்கூட்டியே ஒலித்த சுரம் ஒன்றுதான் அந்த நேரத்தில் உதட்டுக்குத் துணை. பிறர் தொடங்கட்டும், பின்னால் நுழைவோம் என்று காத்திருப்பவனுக்கு அந்தத் துணையும் இல்லாது போகிறது. முதியவர் நாற்பது ஆண்டுகளில் கற்றதும், பாடப்புத்தகச் சமன்பாடு சொல்வதும் ஒன்றே என்று கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

மோட்சார்ட்டின் நண்பர்

2014 மே மாத நிகழ்ச்சியில், மோட்சார்ட்டின் மூன்றாம் கொம்புக் கான்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியை நான் ஊதுவது என்று முடிவாயிற்று. பக்கவாத்தியத்தை மற்ற நால்வருக்கும் டியூபாக்காரரே பகிர்ந்து எழுதிக் கொடுத்தார்.

மோட்சார்ட்டின் கொம்பிசைக்குப் பின்னால் யோசெஃப் லாய்ட்கெப் (1732–1811) என்ற கொம்புக் கலைஞர் நிற்கிறார். மோட்சார்ட்டைவிட 24 வயது மூத்தவர். சிறுவயது முதல் குடும்ப நண்பர். 1783-இல் அவருக்கென்று எழுதிய ஒரு கான்செர்ட்டோவின் முகப்பில், கழுதையும் எருதும் மூடனுமான லாய்ட்கெப்பின்மேல் தாம் இரக்கம் கொண்டதாக மோட்சார்ட் எழுதி வைத்தார். 1786-இல் எழுதிய இன்னொன்றைச் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு மைகளில் மாற்றி மாற்றி எழுதினார். கேலிக்கு அப்பால் ஒன்று தெரிகிறது: பிளிறும் ஆபத்து நிறைந்த இந்தக் கருவியில் ஒருவர் பாடவே செய்வார் என்று நம்பித்தான் அவர் எழுதியிருக்கிறார். மூன்றாம் கான்செர்ட்டோ 1787-ஐ ஒட்டி எழுதப்பட்டதாக இன்று கருதப்படுகிறது.

அது ஈ-ஃபிளாட் கொம்புக்கு எழுதப்பட்டது. எஃப் கொம்புக்காரன் கண்ணால் பார்ப்பதை ஒரு முழுச்சுரம் தாழ்த்தி வாசிக்க வேண்டும். இந்தப் பழக்கம் கொம்புக்காரர்களுக்கு அன்றாடச் சோறு. எனக்கோ அது தூக்கத்திலும் வந்தது. நடுப்பகுதி கொம்பின் மெட்டுடனே தொடங்குகிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

நிகழ்ச்சியன்று, பின்னே கல் சுவர் வரும்படி என் நாற்காலியை ஆசிரியை தாமே நகர்த்தி வைத்தார். ஊதுவாய் என் சட்டைப்பையில் இருந்தது. மூன்றாம் வரிசையில் முதியவர். அவரைப் பார்க்காதிருக்க முயன்றேன். முதல் சுரத்தை மனத்துக்குள் கேட்டேன். அது தெளிவாகக் கேட்கும்வரை தொடங்கவில்லை. நால்வரும் பொறுத்திருந்தார்கள். பிறகு மூச்சு. வந்தது.

முழுவதும் பழுதின்றி ஊதினேன் என்று எழுதினால் பொய்யாகும். நடுவில் ஒரு சுரம் பிளிறிற்று. ஆனால் அதைத் திருத்தத் திரும்பிப் போகவில்லை. அடுத்த சுரம் ஏற்கெனவே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது, அதை ஊதினேன். இறுதிச் சுரங்களில் நால்வரோடும் சேர்ந்து நின்றபோது, விம்மல் அடங்கியது. நிகழ்ச்சி முடிந்து முதியவர் என் கையைப் பற்றி, "இன்று நீர் இருந்தீர்" என்று மட்டும் சொன்னார். பிளிறிய சுரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆசிரியைதான், "அந்த ஒன்று மட்டும் எங்கள் வகுப்புக் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்" என்று சிரித்தார்.

முடிவாக

2015-இல் நான் ஊர் திரும்பும்போது முதியவர் அந்தக் கொம்பை என்னிடமே கொடுத்துவிட்டார். அதுதான் அலமாரியின் மேலிருக்கும் பெட்டி. இங்கு ஐவர் குழு அமைக்க ஆளில்லை. தனியே ஊதும்போது, ஒலி சுவரில் பட்டுத் திரும்புகிறதா என்று காது தானாகத் தேடுகிறது.

கொம்பு விலை உயர்ந்தது. ஆனால் அதன் இயற்பியலைக் கற்க விலை வேண்டுவதில்லை. 1956-இல் லண்டனில் நடந்த ஒரு நகைச்சுவை இசை விழாவில், பெரும்புகழ் பெற்ற கொம்புக் கலைஞர் டென்னிஸ் பிரெய்ன், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயிலேயே லியோபோல்டு மோட்சார்ட்டின் இசையை ஊதிக் காட்டினார். அடுத்த ஆண்டே, 36-ஆம் வயதில், அவர் கார் விபத்தில் மறைந்தது இசையுலகின் பேரிழப்பு.

ஆய்வுக்கூடத்தில் 3.7 மீட்டர் ரப்பர் குழாய் ஒன்றும், ஒரு மண்ணெண்ணெய்ப் புனலும் ஆயத்தமாக உள்ளன. வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்தபின் வரும் மாணவர் எவரும் ஊதிப் பார்க்கலாம். மூன்றாம் சீரிசை வரை எளிதில் வரும். எட்டாவதைத் தொட்டவர் இதுவரை இருவர்தான். பிளிறினால் சிரிப்போம், நானும் சிரிப்பேன். ஆனால் ஒரே ஒரு விதி உண்டு: ஊதுமுன் அந்தச் சுரத்தைப் பாடிக் காட்ட வேண்டும்.